ஹாங்க் வில்லியம்ஸ் காலத்துக் கன்ட்ரி இசை: மறுவெளியீடுகளைத் தேர்ந்து சேர்க்க முழுமையான வழிகாட்டி

திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் இருந்தது. டிசம்பர் பிறந்துவிட்டால் அந்த வீட்டு ஜன்னல் வழியாக ஜிம் ரீவ்ஸின் குரல் தெருவுக்கு வரும். டெக்சாஸில் பிறந்த அந்தப் பாடகருக்குத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் எத்தனை ரசிகர்கள் என்று பழைய ஆட்களைக் கேட்டால் தெரியும். அந்தக் குரலைத் தேடித்தான் பல வருடம் கழித்து என் முதல் கன்ட்ரி சிடியை வாங்கினேன். வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால் குரல் அவருடையதுதான், ஆனால் பின்னணி நான் கேட்டு வளர்ந்தது இல்லை. எங்கிருந்தோ வயலின் கூட்டம் வந்து நிற்கிறது, பாட்டுக்குப் பாட்டு ஒலி மாறுகிறது. 1964 ஜூலை 31 அன்று விமான விபத்தில் அவர் இறந்த பிறகு, பழைய பதிவுகள் பலவற்றில் புதிய வாத்தியங்களைச் சேர்த்து வெளியிட்டார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. சிடியின் உறையிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஒரே பாட்டு, ஒரே பாடகர், ஆனால் கடையில் கிடைப்பது ஐந்து வெவ்வேறு பொருள். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கேள்வியைத்தான் சுற்றி வரும்: இந்த ஒலி எந்த நாளில், எந்த அறையில் பதிவானது, அங்கிருந்து என் கைக்கு எந்த வழியாக வந்தது? இதைக் கேட்கப் பழகிவிட்டால் காசும் மிச்சம், காதுக்கும் நல்லது.

முதல் படி: எல்லை போடுங்கள்

கன்ட்ரி இசை மொத்தத்தையும் சேர்க்கிறேன் என்று இறங்கினால் வீடும் போதாது, ஆயுளும் போதாது. 1945 முதல் 1962 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதினெட்டு வருடத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போர் முடிந்து ஒலிப்பதிவு பழைய வேகத்துக்குத் திரும்புகிறது. 1940களின் இறுதியில் காந்த டேப் ஸ்டூடியோவுக்குள் வருகிறது. 1948இல் கொலம்பியா கம்பெனி நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டை அறிமுகம் செய்கிறது, 1949இல் ஆர்சிஏ கம்பெனி நிமிடத்துக்கு 45 சுழற்சித் தட்டைக் கொண்டுவருகிறது. அதே 1949இல் பில்போர்டு பத்திரிகை இந்த இசைக்கான பட்டியலின் பெயரைக் 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' என்று மாற்றுகிறது. 1950களின் பின்பாதியில், கன்ட்ரி இசைக்குத் தலைநகரான நாஷ்வில்லில் ஃபிடிலும் ஸ்டீல் கிட்டாரும் பின்வாங்கி, கோரஸ் குரல்களும் வயலின்களும் முன்னுக்கு வருகின்றன. குடிக்கடைகளில் ஒலித்த ஹாங்கி டாங்க் பாட்டிலிருந்து 'நாஷ்வில் சவுண்ட்' வரை ஒரு முழு மாற்றத்தை இந்த எல்லைக்குள்ளேயே கேட்டுவிடலாம்.

இதற்குள்ளும் ஒரு குரலில் தொடங்குங்கள். ஹாங்க் வில்லியம்ஸ், லெஃப்டி ஃப்ரிஸெல், கிட்டி வெல்ஸ், வெப் பியர்ஸ், ஹாங்க் ஸ்னோ, லூவின் சகோதரர்கள், பேட்ஸி கிளைன், ஜிம் ரீவ்ஸ், தொடக்க கால ஜார்ஜ் ஜோன்ஸ் என்று யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம். என்னைக் கேட்டால் லெஃப்டி ஃப்ரிஸெல். ஒரு சொல்லை இழுத்து, மடக்கி, கடைசி எழுத்தை உடையவிட்டுப் பாடும் அந்த முறை அவருக்குப் பின்னால் வந்த மெர்ல் ஹாகார்ட் வரை எத்தனையோ பேர் தொண்டையில் போய் உட்கார்ந்தது. 1951இல் ஒரே சமயத்தில் அவருடைய நான்கு பாடல்கள் முதல் பத்து இடங்களுக்குள் இருந்தன.

யாரையும் தெரியாது, எல்லாரையும் கொஞ்சம் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு ஜெர்மனியின் பேர் ஃபேமிலி நிறுவனம் ஒரு வரிசை போட்டிருக்கிறது. 'டிம் லைட்ஸ், திக் ஸ்மோக் அண்ட் ஹில்பில்லி மியூசிக்' என்று பெயர். 1945 முதல் 1970 வரை ஆண்டுக்கு ஒரு சிடி. 1950, 1952, 1955 மூன்றை மட்டும் வாங்கிக் கேளுங்கள். உங்களுக்குப் பிடித்த குரல் எது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாவது படி: செஷன் பட்டியல் ஒன்று எழுதுங்கள்

செஷன் என்றால் பாடகர் ஸ்டூடியோவில் உட்கார்ந்து பதிவு செய்த ஒரு அமர்வு. வாங்குவதற்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம், அல்லது கணினியில் ஓர் அட்டவணை. நீங்கள் தேர்ந்த பாடகர் எந்தத் தேதியில், எந்த ஊரில், எந்த ஸ்டூடியோவில், எந்தக் கம்பெனிக்காக, எந்தப் பாட்டைப் பாடினார் என்று வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் கம்பெனி ஓர் எண் கொடுத்திருக்கும். அதை மேட்ரிக்ஸ் எண் என்பார்கள். பாட்டின் பெயர் ஏமாற்றும், மேட்ரிக்ஸ் எண் ஏமாற்றாது. திரும்பப் பாடியிருந்தால் எண் வேறாக இருக்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், சாண்டா பார்பரா நடத்தும் அமெரிக்க வரலாற்று ஒலிப்பதிவுகளின் தரவுத்தளத்தில் பழைய கம்பெனிகளின் செஷன் விவரங்களை இலவசமாகத் தேடலாம். எந்தத் தட்டு எத்தனை முறை, எந்த எண்ணில் வெளிவந்தது என்று பார்க்க டிஸ்காக்ஸ் தளம் இருக்கிறது.

இடத்தின் பெயரையும் விடாமல் எழுதுங்கள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு குணம் உண்டு. நாஷ்வில்லின் டுலேன் ஹோட்டலுக்குள் இருந்த காஸில் ஸ்டூடியோவில்தான் ஹாங்க் வில்லியம்ஸின் பெரும்பாலான பாடல்கள் பதிவாயின. ஆனால் அவருக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்த 'லவ்சிக் ப்ளூஸ்' 1948 டிசம்பரில் சின்சினாட்டியின் ஹெர்ஸாக் ஸ்டூடியோவில் பதிவானது. அந்தப் பாட்டையும் அடுத்த வருடத்துக் காஸில் பதிவு ஒன்றையும் அடுத்தடுத்துப் போட்டால் அறை மாறியது காதுக்கே தெரியும். பிறகு 1950களின் நடுவில் பாட்டுத் தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி, ராணுவக் கொட்டகை மாதிரி வளைந்த கூரை கொண்ட குவான்செட் ஹட்டை நிறுவினார். 1957இல் ஆர்சிஏவின் ஸ்டூடியோ பி வந்தது. ஜிம் ரீவ்ஸ் மைக்குக்கு மிக அருகில் நின்று தாழ்ந்த குரலில் பாடத் தொடங்கியதும் அந்த வருடத்தில்தான். 1953இல் அபட் கம்பெனிக்காகப் பாடிய ஜிம் ரீவ்ஸைக் கேட்டால், உரக்கக் கூப்பிட்டுப் பாடும் வேறொரு ஆளோ என்று தோன்றும்.

லெஃப்டியின் தொடக்கப் பதிவுகள் நாஷ்வில்லில் நடந்தவை அல்ல. டாலஸில் ஜிம் பெக் என்பவர் நடத்திய ஸ்டூடியோவில் நடந்தவை. 1950 ஜூலையில் அங்கே பாடியதுதான் முதல் வெற்றி. அந்த ஸ்டூடியோவில் ஒலி முன்னால் வந்து நிற்கும். பியானோவும் குரலும் நம் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருப்பது போல. 1956இல் டேப் இயந்திரத்தின் ஹெட்டுகளைக் கார்பன் டெட்ராகுளோரைடு ஊற்றிச் சுத்தம் செய்தபோது அந்த ஆவி தாக்கி ஜிம் பெக் இறந்துபோனார். டாலஸ் இன்னொரு நாஷ்வில்லாக ஆகியிருக்கலாம் என்று சொல்பவர்கள் இந்த மரணத்தைத்தான் காரணமாகச் சொல்வார்கள். ஒரு தேதிக்குப் பிறகு லெஃப்டியின் ஒலி ஏன் மாறுகிறது என்பது பட்டியல் எழுதிய பிறகுதான் எனக்கே புரிந்தது.

மூன்றாவது படி: மூலப் பதிவா, திரும்பப் பாடியதா, மேல்பூச்சா?

பெரும்பாலானவர்கள் காசை இழப்பது இங்கேதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலாவது, திரும்பப் பாடியவை. எல்பி தட்டு பரவி, ஸ்டீரியோவும் வந்தபோது, பழைய வெற்றிப் பாடல்களை அதே பாடகரை வைத்து மறுபடி பதிவு செய்து விற்றார்கள். எர்னஸ்ட் டப் தன்னுடைய புகழ்பெற்ற 'வாக்கிங் த ஃப்ளோர் ஓவர் யூ' பாட்டை முதலில் பதிவு செய்தது 1941இல். 1959இல் வந்த 'தி எர்னஸ்ட் டப் ஸ்டோரி' தொகுப்புக்காக அதை மறுபடி பாடினார். பல தொகுப்புகளில் இருப்பது இந்த இரண்டாவது பாட்டுதான். பேட்ஸி கிளைனின் 'வாக்கிங் ஆஃப்டர் மிட்நைட்' 1956 நவம்பரில் பதிவானது. 1961இல் டெக்கா கம்பெனிக்காக அவர் அதை மறுபடி பாடியிருக்கிறார். இவை இரண்டும் மோசமான பதிவுகள் அல்ல. எது எது என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் 1970களில் கம்பெனியில்லாமல் தவித்த வயதான பாடகர்களை அழைத்து, ஒரே நாளில் பத்துப் பாட்டு என்று பதிவு செய்து, அதே சரக்கை இன்றுவரை நூறு அட்டைகளில் விற்கிறார்கள். அவற்றைத் தள்ளிவிடுங்கள். அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் 'மறுபதிவு' (re-recorded) என்று ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். 'அசல் பாடகர்கள்' என்று மட்டும் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். அசல் பாடகர் வேறு, அசல் பதிவு வேறு.

பேட்ஸி கிளைன் விஷயத்தில் இன்னொன்று. 1954 முதல் 1960 வரை அவர் ஃபோர் ஸ்டார் கம்பெனியின் ஒப்பந்தத்தில் இருந்தார். அந்தக் காலத்துப் பாடல்கள் கைமாறிக் கைமாறி எல்லா மலிவுத் தொகுப்புகளிலும் நுழைந்துவிட்டன. உலகம் நினைவில் வைத்திருக்கும் 'கிரேஸி' போன்றவை 1960 இறுதியிலிருந்து ஓவன் பிராட்லியுடன் டெக்காவுக்காகப் பாடியவை. அட்டையில் அவர் படம் பெரிதாக இருக்கும், உள்ளே ஃபோர் ஸ்டார் பாடல்கள் மட்டும் இருக்கும். உங்கள் பட்டியல் கையில் இருந்தால் கடையில் நின்றபடியே கண்டுபிடித்துவிடலாம்.

இரண்டாவது, மேல்பூச்சு. அதாவது, பழைய பதிவின் மேல் பின்னாளில் புதிய வாத்தியத்தையோ குரலையோ ஏற்றுவது. ஹாங்க் வில்லியம்ஸ் 1953 ஜனவரி 1 அன்று, 29 வயதில், காரின் பின் சீட்டில் இறந்துபோனார். அதற்குப் பிறகும் அவருடைய கம்பெனியான எம்ஜிஎம் அவரை விடவில்லை. அவர் தனியாகக் கிட்டாரோடு பாடி வைத்திருந்த மாதிரிப் பதிவுகளின் மேல் பேண்டைச் சேர்த்தார்கள். 1960களில் வயலின் கூட்டத்தைச் சேர்த்தார்கள். மகனின் குரலை அப்பாவின் குரலோடு இணைத்து ஒரு எல்பி முழுக்க ஜோடிப் பாடல் ஆக்கினார்கள். இதைவிட வினோதம் 1981இல் நடந்தது. ஜிம் ரீவ்ஸும் பேட்ஸி கிளைனும் சேர்ந்து ஒரு பாட்டுகூடப் பாடியதில்லை. இருவரும் விமான விபத்தில் போனவர்கள், பேட்ஸி 1963இல், ரீவ்ஸ் 1964இல். இருவரும் தனித்தனியாகப் பாடிய ஒரே பாட்டின் டேப்புகளை இணைத்து, பின்னணி புதிதாக வாசித்து, டூயட்டாக வெளியிட்டார்கள். அது நன்றாக ஓடவும் செய்தது. எனக்கு அதைக் கேட்க மனம் வருவதில்லை. பேட்ஸி கிளைனின் குரல் தன்னைச் சுற்றியிருந்த வாத்தியக்காரர்களைக் கேட்டுக் கேட்டு நகர்ந்த குரல். அந்த வாத்தியக்காரர்களை எடுத்துவிட்டால் அவர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்றே தெரியாது.

மூன்றாவது, பொய் ஸ்டீரியோ. 1960களில், ஒரே தடமாகப் பதிந்த மோனோ பதிவுகளை எடுத்து, ஒரு பக்கம் கீழ் ஒலியும் மறு பக்கம் மேல் ஒலியும் வருமாறு பிரித்து, கொஞ்சம் எதிரொலி தூவி, ஸ்டீரியோ என்று விற்றார்கள். கேபிடல் கம்பெனி இதற்கு டியோஃபோனிக் என்று பெயரே வைத்தது. 1957க்கு முந்தைய கன்ட்ரி பதிவு ஸ்டீரியோ என்று அட்டையில் இருந்தால் அது ஏறக்குறைய நிச்சயமாக இந்த வகைதான், இல்லையென்றால் திரும்பப் பாடியது. மார்ட்டி ராபின்ஸ் 1959 ஏப்ரல் 7 அன்று ஒரே நாளில் பாடி முடித்த 'கன்ஃபைட்டர் பாலட்ஸ்' எல்பி போன்றவற்றில் ஸ்டீரியோ உண்மையானது. பயப்பட வேண்டாம்.

நான்காவது படி: எதிலிருந்து எடுத்தார்கள்?

சரி, மூலப் பதிவுதான் என்று உறுதியாகிவிட்டது. அந்தப் பதிவின் எந்தப் பிரதியிலிருந்து சிடி செய்தார்கள் என்பது அடுத்த கேள்வி. இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நேரம் போவது தெரியாது.

டேப் வருவதற்கு முன்னால் ஒலி நேரே மெழுகிலோ லாக்கர் பூசிய தட்டிலோ வெட்டப்பட்டது. அதிலிருந்து உலோக அச்சு. அந்த அச்சிலிருந்து கடைக்குப் போகும் 78 சுழற்சித் தட்டு. அச்சு பத்திரமாக இருந்தால் அதிலிருந்து எடுக்கும் ஒலியில் இரைச்சல் மிகக் குறைவு. கொலம்பியா கம்பெனி 1940 வாக்கிலிருந்து பதினாறு அங்குல லாக்கர் தட்டுகளில் 33 சுழற்சியில் பதிந்து, அதிலிருந்து 78 தட்டுக்கு மாற்றியது. அந்தப் பெரிய தட்டுகள் கிடைத்த இடங்களில் மறுவெளியீடு, அன்றைக்குக் கடையில் விற்ற தட்டைவிடத் தெளிவாகவே இருக்கும். எதுவும் கிடைக்காதபோது சேகரிப்பாளர்களின் வீட்டில் இருக்கும் தேய்ந்த தட்டே கதி.

டேப் இருந்தாலும் முதல் டேப்பா, அதைப் பார்த்து நகல் எடுத்ததா என்று ஒரு கேள்வி உண்டு. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யூனிவர்சல் ஸ்டூடியோ வளாகத்தில் எரிந்த தீயில், டெக்கா உள்ளிட்ட கம்பெனிகளின் டேப்புகளை வைத்திருந்த கிடங்கும் போனது. எவ்வளவு அழிந்தது என்பதில் கம்பெனிக்கும் பத்திரிகைகளுக்கும் இடையே பெரிய தகராறு நடந்தது. அதனால் டெக்கா பாடகர்களைப் பொறுத்தவரை 1990களில் கவனமாகச் செய்த சிடிகளைப் பழையது என்று ஒதுக்காதீர்கள். புதிய வெளியீடு என்பதாலேயே அது மூலத்துக்கு அருகில் இருக்கிறது என்று ஆகாது.

இந்த விவரமெல்லாம் எங்கே இருக்கும்? உள்ளே வைத்திருக்கும் சிறு புத்தகத்தில். செஷன் தேதி, வாத்தியக்காரர் பெயர், மேட்ரிக்ஸ் எண், பழைய தட்டிலிருந்தோ டேப்பிலிருந்தோ ஒலியைச் சிடிக்குக் கொண்டுவந்தவர் பெயர் நான்கும் இருந்தால் அந்தக் கம்பெனியை நம்பலாம். பாட்டுப் பெயரும் ஒரு மங்கலான படமும் மட்டும் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

ஐந்தாவது படி: யார் வெளியிடுகிறார்கள்?

பேர் ஃபேமிலியில் தொடங்காமல் முடியாது. 1975இல் ரிச்சர்ட் வைஸே வடக்கு ஜெர்மனியில், பிரேமன் நகருக்கு அருகே தொடங்கிய நிறுவனம். அமெரிக்கக் கம்பெனிகளே மறந்துபோன டேப்புகளை உரிமத்துடன் வாங்கி, ஒரு பாடகரின் முழுப் பதிவையும் தேதி வரிசையில், எல்பி அளவுப் பெட்டியில், கெட்டி அட்டைப் புத்தகத்தோடு கொடுத்தவர்கள். ஜிம் ரீவ்ஸுக்குப் பதினாறு சிடி. லூவின் சகோதரர்களுக்கு எட்டு. லெஃப்டிக்கு 1992இல் பன்னிரண்டு, 2018இல் மறுபடி இருபது. மேல்பூச்சு இல்லாத ஜிம் ரீவ்ஸை முதல்முறையாக வரிசையாகக் கேட்டது எனக்கு இவர்களால்தான். பொன்மலைத் தெருவில் கேட்ட அதே ஒலி. விலை கூடுதல்தான். எல்லாம் வாங்க வேண்டியதில்லை. உங்கள் மனதுக்கு மிக நெருங்கிய ஒரே ஒரு பாடகருக்கு மட்டும் பெட்டி வாங்குங்கள், மற்றவர்களுக்கு நல்ல ஒற்றை சிடித் தொகுப்பு போதும். லெஃப்டியைத் தேர்ந்தவர்கள் இருபதுக்குத் தாவ வேண்டாம். பழைய பன்னிரண்டே அவருடைய பாட்டு வாழ்க்கையைக் காட்டிவிடும்.

இங்கிலாந்தில் ஏஸ் நிறுவனம், ஒற்றை சிடித் தொகுப்புகளை நல்ல குறிப்புகளோடு செய்யும். சிறு கம்பெனிகளின் ராக்கபில்லி, ஹில்பில்லி பூகி போன்ற துள்ளல் கன்ட்ரி வகைகள் வேண்டுமென்றால் அங்கே போங்கள். ஜேஎஸ்பி, ப்ராப்பர் இரண்டும் நான்கைந்து சிடிகளை மலிவான பெட்டியில் தந்தன. தரம் பெட்டிக்குப் பெட்டி மாறும், ஆனால் நல்லவை உண்மையிலேயே நல்லவை. பெரிய கம்பெனிகள் கைவிட்ட சின்னப் பாடகர்களுக்கு பிரிட்டிஷ் ஆர்கைவ் ஆஃப் கன்ட்ரி மியூசிக் என்ற அமைப்பு இருக்கிறது. அவர்கள் தருவது ஆலையில் அச்சிட்டதல்ல, கணினியில் பதிவு செய்த சிடி-ஆர். வேறெங்கும் கிடைக்காத பாட்டு என்றால் தாராளமாக வாங்கலாம், வந்ததும் கணினியில் நகல் எடுத்துவிடுங்கள். அமெரிக்காவில் கன்ட்ரி மியூசிக் ஃபவுண்டேஷன், ரவுண்டர், ஆம்னிவோர் ஆகியவற்றின் வெளியீடுகளை நான் கேட்காமலே வாங்குவேன்.

அப்புறம், ஐரோப்பிய மலிவுத் தட்டுகள். இவை ஏன் இத்தனை குவிந்தன? ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவுக்கு முன்பு ஐம்பது ஆண்டுதான் காப்புரிமை. 2013 நவம்பரில் அது எழுபது ஆனது. ஆனால் 1962 வரை வெளிவந்தவை அதற்குள் பொதுவுடைமை ஆகிவிட்டிருந்ததால் அவை திரும்பக் காப்புக்குள் போகவில்லை. அதனால் 'நான்கு எல்பி, இரண்டு சிடி' வகைத் தொகுப்புகள் எல்லாம் 1962இலேயே வந்து நின்றுவிடும். சட்டப்படி அங்கே குற்றமில்லை. ஆனால் இவற்றில் பல, யாரோ உழைத்துச் சுத்தம் செய்த சிடியைக் கணினியில் போட்டு நகல் எடுத்தவை. டேப்பைத் தேடிப் போனவனுக்கு ஒரு காசு போவதில்லை. எனக்கு இது உறுத்தும். வேறு எங்கும் கிடைக்காத எல்பி என்றால் மட்டும் வாங்குகிறேன். இந்தியாவில் ஒலிப்பதிவுக்கான காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டு. அமெரிக்காவில் 2018 சட்டத்தின்படி 1947 முதல் 1956 வரையிலான பதிவுகளுக்கு 110 ஆண்டு, அதற்குப் பிந்தையவற்றுக்கு 2067 வரை. இணையத்தில் பகிர நினைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆறாவது படி: கணினியில் சோதித்துப் பாருங்கள்

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். மூன்று சோதனை சொல்கிறேன்.

ஒன்று, மோனோ சோதனை. பாட்டைத் திறந்து இடது, வலது இரண்டையும் தனித்தனியாகப் பிரியுங்கள். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி, இரண்டையும் மோனோவாக ஒன்றோடு ஒன்று கலந்து கேளுங்கள். உண்மையான மோனோ என்றால் மௌனம். ஏதாவது மிச்சம் கேட்டால் யாரோ கைவைத்திருக்கிறார்கள், அல்லது மோனோவை ஸ்டீரியோ கருவியில் போட்டு எடுத்துவிட்டார்கள். தட்டின் கரகரப்பு மட்டும் மிஞ்சினால் இது பழைய தட்டிலிருந்து எடுத்தது என்று அர்த்தம்.

இரண்டு, நகல் சோதனை. ஒரே பாட்டு இரண்டு சிடியில் இருந்தால் அளவைச் சமமாக்கி, தொடக்கத்தைத் துல்லியமாக நேர்ப்படுத்தி, ஒன்றைத் திருப்பிக் கலந்து பாருங்கள். மௌனம் வந்தால் இரண்டும் ஒரே சரக்கு. மேலே சொன்ன மலிவுத் தட்டுகளில் சிலவற்றை இப்படித்தான் பிடித்தேன்.

மூன்றாவது உருவம் பார்ப்பது. அலைவடிவம் மேலும் கீழும் செதுக்கிவிட்ட கட்டை மாதிரி இருந்தால் சத்தத்துக்காக ஒலியை நசுக்கியிருக்கிறார்கள்.

ஆனாலும் கடைசித் தீர்ப்பு காதுதான். இரைச்சலை அளவுக்கு மீறி நீக்கிய பதிவில் ஃபிடில் தண்ணீருக்கு அடியில் வாசிப்பது போலக் கேட்கும். பாடகர் மூச்சு இழுக்கும் இடம் காணாமல் போயிருக்கும். ஸ்டீல் கிட்டாரின் ஒலி அடங்கும் வாலைக் கவனியுங்கள். அது மெல்ல மெல்லத் தேய்ந்து இரைச்சலுக்குள் கரைய வேண்டும். கத்தியால் வெட்டியது போல நின்றால் அந்த சிடி வேண்டாம். கொஞ்சம் சரசரப்பு இருந்தால் பாதகமில்லை, பத்து நிமிடத்தில் காது அதை மறந்துவிடும். இழந்த மூச்சை எந்தக் காதாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

ஏழாவது படி: வாங்குவதும் பாதுகாப்பதும்

இந்த சிடிகள் பல இப்போது அச்சில் இல்லை, பழைய சரக்குச் சந்தையில்தான் கிடைக்கும். பெட்டி என்றால் புத்தகம் இருக்கிறதா, எல்லாத் தட்டும் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு விற்பனையாளர் எனக்கு அனுப்பிய பெட்டியில் புத்தகமே இல்லை. படத்தில் மூடிய பெட்டி மட்டும்தான் இருந்தது, நானும் கேட்கவில்லை. பெரிய பெட்டிகள் கிலோக் கணக்கில் கனக்கும், எனவே அனுப்பும் செலவையும் சுங்கவரியையும் சேர்த்து விலையைக் கணக்கிடுங்கள். சில சமயம் மூன்று பெட்டியை ஒன்றாக வரவழைப்பது லாபம்.

1988 முதல் 1993 வரை இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த பிடிஓ ஆலையில் அச்சான சிடிகளில் ஒரு பகுதி, ஓரத்திலிருந்து செம்பு நிறமாகி மெல்லச் செத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் சிடி வாங்கினால் நடுவளையத்தில் ஆலையின் பெயரைப் பாருங்கள், நிறம் மாறியிருந்தால் உடனே நகல் எடுங்கள். பெட்டிக்குள் பஞ்சு மெத்தை வைத்திருந்தால் தூக்கிப் போடுங்கள். அது காலப்போக்கில் பிசுபிசுத்துத் தட்டில் ஒட்டும். நம் கடற்கரை ஊர்களின் ஈரப்பதத்துக்குச் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வைத்தால் காகிதம் பூஞ்சை பிடிக்காது.

நகல் எடுக்க எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள், சேமிக்க ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் கோப்பு வகை. கோப்பின் பெயரில் செஷன் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் முதலில் போடுங்கள். பாடகரின் எல்லாப் பாட்டும் தானாகவே பாடிய வரிசையில் அடுக்கிக்கொள்ளும். இந்த ஒரு பழக்கம் எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்தப் புத்தகத்தையும்விட அதிகம்.

எட்டாவது படி: ஸ்டூடியோவுக்கு வெளியே

ஸ்டூடியோப் பதிவுகளைச் சேர்த்து முடித்த பிறகு ஒரு பெரிய கதவு திறக்கும், அதுதான் வானொலி. அந்நாளில் நிகழ்ச்சிகளை முன்கூட்டியே பதினாறு அங்குலத் தட்டுகளில் பதிந்து நிலையங்களுக்கு அனுப்பினார்கள். வெஸ்டர்ன் ஸ்விங் பேண்ட் தலைவர் பாப் வில்ஸ் 1946, 1947இல் சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியில் பதிந்த டிஃபனி டிரான்ஸ்கிரிப்ஷன்ஸ் அப்படிப்பட்டவை. மூன்று நிமிடக் கட்டுப்பாடு இல்லாமல் அவருடைய பேண்ட் எப்படி வாசித்தது என்பது அவற்றில்தான் தெரியும். ஹாங்க் வில்லியம்ஸ் 1950இல் பாடிய கார்டன் ஸ்பாட் நிகழ்ச்சிகள் ஐயோவா மாநிலத்தின் கிரெஸ்டன் என்ற சிற்றூர் வானொலி நிலையத்தில் பிழைத்துக் கிடந்தன. ஆம்னிவோர் 2014இல் வெளியிட்ட அந்தத் தட்டு கிராமி விருது வாங்கியது.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேல் 1951இல் நாஷ்வில்லின் டபிள்யூஎஸ்எம் நிலையத்துக்காக மதர்ஸ் பெஸ்ட் என்ற மாவின் விளம்பர ஆதரவில் அவர் செய்த நிகழ்ச்சிகள். காலையில் பதினைந்து நிமிடம். ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போக வேண்டியிருந்ததால் முன்கூட்டியே தட்டில் பதிந்து வைத்துவிட்டுப் போவார். பின்னாளில் நிலையம் இடம் மாறியபோது அந்தத் தட்டுகள் குப்பைக்குப் போயின. நாஷ்வில்லின் வானொலிக் கச்சேரியான கிராண்ட் ஓல் ஆப்ரியின் புகைப்படக்காரர் லெஸ் லெவரெட் அவற்றை எடுத்து வைத்தார். யாருக்கு உரிமை என்று வழக்கு நடந்து, ஹாங்கின் வாரிசுகளுக்குத்தான் என்று 2006இல் டென்னஸி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2008இல் டைம் லைஃப் மூன்று சிடிகளாக ஒரு பகுதியையும், 2010இல் பதினைந்து சிடிகளாக முழுவதையும் வெளியிட்டது. மூன்று சிடிப் பெட்டியை முதலில் வாங்குங்கள். எம்ஜிஎம்முக்காக அவர் பாடவே பாடாத பக்திப் பாடல்களும் பழைய பாட்டுகளும் அதில் இருக்கின்றன. பிடித்துவிட்டால் பதினைந்துக்குப் போங்கள். அதில் நிகழ்ச்சிகள் முழுசாக இருக்கின்றன. அறிவிப்பாளரோடு சிரித்துப் பேசுகிறார், மாவு விற்கிறார், அடுத்த பாட்டை இன்ன மாதிரி பாடப்போகிறோம் என்று பேண்டுக்குச் சொல்கிறார், உடனே கிட்டார் தொடங்குகிறது.